சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பேய்ப்படம் வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரை அண்டிய பாடசாலை ஒன்றில் நீண்டகாலமாக ஆரம்பப் பிரிவு மாணவருக்குக் கற்பித்துவரும் ஆசிரியை நான். ஒவ்வொரு விடுமுறையும் முடிந்து வகுப்புகள் தொடங்கும் முதல் வாரத்தில் தவறாமல் காணும் ஒரு விடயத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பெற்றோருடனும், தூர இடங்களுக்குப் பஸ் நடத்துவோருடனும் பேச விரும்புகிறேன். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பயங்கரப் படங்களைப் பார்த்துவிட்டு இரவில் கெட்ட கனவு கண்டு அலறி எழும்புகிறார்கள். அந்தப் பயம் விடிந்த பின்னும் அவர்களை விடாமல் வகுப்பறை வரை வருகிறது. நித்திரை குறைந்த கண்களோடு காலைப் பிரார்த்தனையில் தள்ளாடி நிற்கும் பிள்ளையை விசாரித்தால், பல வேளைகளில் கடைசியில் ஒரு படத்தின் கதைதான் வெளியே வருகிறது.

இதைப் பெற்றோரிடம் சொல்லும்போது, "டீச்சர், நாங்கள் பிள்ளைக்கு அப்படிப்பட்ட படம் ஒன்றும் காட்டுவதில்லையே" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கென்று யாரும் பேய்ப்படம் போடுவதில்லை. பெரியவர்கள் தங்களுக்கென்று போடுகிறார்கள். பிள்ளை அதே அறையில் பாயில் இருந்து விளையாட்டுக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும், அல்லது தாயின் மடியில் நித்திரையாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை இருக்கும் அறையில் ஓடும் படம் பிள்ளை பார்க்கும் படந்தான் என்பதைப் பெரியவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். தரம் 2 இல் படித்த கெட்டிக்காரப் பிள்ளை. திடீரென்று பாடசாலையில் மலசலகூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். கடைசிப் பாடவேளையில் கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் வெளிறி, மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு இருப்பான். தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தாய்தான் முதலில் கவனித்தார். எங்கள் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. நான் பக்கத்தில் இருத்தி மெதுவாகக் கேட்டபோது, "அதுக்குள்ள பின்னால வந்து நிக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். விடுமுறையில் வீட்டுக்கு உறவினர் வந்திருந்த ஓர் இரவில் பெரியவர்கள் பார்த்த படத்தில் கண்ணாடிக்குள் ஓர் உருவம் தோன்றும் காட்சி இருந்ததாம். அவன் பார்த்தது அந்த ஒரு காட்சியை மட்டுமே. மீதிப் படம் ஓடியபோது போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான். அது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

பிள்ளை பயந்ததைச் சொல்லாது. சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள், அல்லது இனிமேல் தொலைக்காட்சி பார்க்க விடமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். ஆகவே பயம் வேறு வடிவங்களில் வெளிப்படுகிறது: தனியே படுக்க மறுப்பது, விளக்கை அணைக்க விடாதது, நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குவது, காரணமில்லாமல் வயிற்றுவலி என்பது. இவற்றைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் கருதி அடிப்போரும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அது இரட்டைத் தண்டனை.

இது காலப்போக்கில் தானாக மறந்துபோகும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியை ஜோஆன் கேன்டர், சிறுவர்களுக்குத் திரையால் ஏற்படும் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் கிறிஸ்டன் ஹரிசனும் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதிலோ பதின்ம வயதிலோ ஏதோ ஒரு படத்தினால் அல்லது நிகழ்ச்சியினால் நீடித்த பயத்துக்கு ஆளானதாக 100 இல் ஏறத்தாழ 90 பேர் கூறினர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. பலருக்கு அந்த நாட்களில் உறக்கமோ உணவோ குழம்பியிருந்தது. வளர்ந்து, படித்து, படம் வெறும் படம் என்று நன்றாகத் தெரிந்த பிறகும் உடம்பு அந்தப் பயத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. பயத்தைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதி, நாம் பிற்பாடு கற்றுக்கொள்ளும் நியாயங்களுக்கு உடனே கட்டுப்படுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இப்போது நம் வீடுகளில் அதிகம் ஓடுவது நகைச்சுவை கலந்த பேய்ப்படங்கள். "அது சிரிப்புப் படந்தானே, பிள்ளையும் சேர்ந்து சிரித்ததே" என்பார்கள். பிள்ளை சிரித்திருக்கும், சுற்றியிருந்த பெரியவர்கள் சிரித்ததால் சிரித்திருக்கும். ஆனால் நகைச்சுவையைப் புரிந்துகொள்ள, திரையில் நடப்பதிலிருந்து சற்று விலகி நிற்கும் மனப்பக்குவம் வேண்டும். ஐந்து வயதில் அது இல்லை. சுமார் ஏழு வயது வரை பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே பயப்படுகிறார்கள். கோரமான முகம், வெள்ளை விழி, ஒரு மனிதர் திடீரென வேறொன்றாக மாறுவது ஆகியவையே அவர்களைத் தாக்குகின்றன. கதையின் போக்கு அல்ல. சாதுவான ஒரு மனிதர் கோபம் வந்தால் பச்சை நிற இராட்சதனாக மாறும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை வைத்துக் கேன்டரும் கிளென் ஸ்பார்க்ஸும் 1986 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்த இராட்சதன் நல்லவன், ஆட்களைக் காப்பாற்றுபவன். 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது புரிந்தது. அவன் உருமாறுவதற்கு முன்பு, ஆபத்து நெருங்கும்போதுதான் அவர்கள் பயந்தார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளோ, காப்பாற்ற வந்த அவனைக் கண்டே பயந்தார்கள்.

நம் பேய்ப்படங்களில் இந்த உருமாற்றம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். பாசமான அண்ணியின் முகம் மாறுகிறது. சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா திரும்பும்போது வேறு யாரோவாக இருக்கிறாள். பயந்தால் பிள்ளை எந்த முகத்தைத் தேடி ஓடுமோ அந்த முகத்தையே இப்படங்கள் மாற்றிக் காட்டுகின்றன. அப்படியான படத்தைப் பார்த்த பிள்ளை இரவில் விழித்துத் தாயை எழுப்பவும் தயங்குகிறது. ஒரு தாய் கண்கலங்கச் சொன்னார்: அவரது மகள் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, "நீங்க அம்மாதானே?" என்று கேட்கிறாளாம். இதை எந்த நகைச்சுவையும் ஈடுசெய்யாது.

இரவில் நடப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. நித்திரைக்குப் போய் ஓரிரு மணித்தியாலத்துக்குள் பிள்ளை திடீரென அலறி, வியர்த்து, கண் திறந்தபடி நம்மை அடையாளம் காணாமல் திமிறி, சற்று நேரத்தில் மறுபடி உறங்கி, காலையில் எதுவும் ஞாபகமில்லை என்றால், அது ஆழ்ந்த நித்திரையில் ஏற்படும் இரவுப் பீதி. பார்ப்பதற்குத்தான் அது பயங்கரம். பிள்ளைக்கு அதில் நினைவு இல்லை. தட்டி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பிற்பாதியில், கனவுக்குரிய நித்திரைக் கட்டத்தில் வருவது. பிள்ளை முழுதாக விழித்துவிடும்; கண்டதைச் சொல்லும்; மறுபடி உறங்கப் பயப்படும். படம் பார்த்த பிள்ளைகளிடம் நான் காண்பது பெரும்பாலும் இதுதான். காய்ச்சல், இடமாற்றம், தாயோ தகப்பனோ வெளிநாடு போனது, வீட்டுச் சண்டை ஆகியவற்றாலும் கெட்ட கனவுகள் வரும் என்பதை மறுக்கவில்லை. அவற்றுள் பலவற்றை நம்மால் தடுக்க இயலாது. தொலைக்காட்சியை நிறுத்துவது ஒரு கையசைவில் முடியும்.

வீட்டிலாவது தாய் தகப்பன் நினைத்தால் நிறுத்தலாம். பஸ்ஸில் யார் நிறுத்துவது? திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் பஸ்களில் படம் போடுவது வழக்கமாகிவிட்டது. எந்த ஒரு நிறுவனத்தையும் மனத்தில் வைத்து இதை நான் எழுதவில்லை. பல பஸ்களில் இதைக் கண்டிருக்கிறேன். சாரதிக்குப் பின்னால், மேலே, திரை பொருத்தப்பட்டிருக்கும். கைக்குழந்தையோடும் சின்னப் பிள்ளைகளோடும் வரும் தாய்மாருக்கு முன் ஆசனங்களைக் கொடுப்பது நம்மவரின் நல்ல வழக்கம். அதனாலேயே சின்னப் பிள்ளைகள் திரைக்கு மிக அருகில் இருக்க நேர்கிறது. ஒலிபெருக்கி தலைக்கு மேலே இருக்கும். பயங்கரப் படத்தில் பாதிப் பயம் ஒலியில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளையால் காதை மூடிக்கொள்ள முடிவதில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் வெளியே ஒரு வெளிச்சமும் இராது. யன்னலைப் பார்த்தால் இருட்டுக் கண்ணாடியில் தன் முகமே தெரியும். திரையில் ஓடுவதும் தெரியும். என் முன் ஆசனத்தில் இருந்த ஒரு சிறுமி தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்ததைக் கண்டேன். தாய் எழுந்து நடத்துநரிடம் சொன்னார். "எல்லாரும் பார்க்கினம் அக்கா, பிள்ளையை நித்திரையாக்குங்கோ" என்றார் அவர். அவரிலும் பெரிய பிழை சொல்ல முடியாது. படத்தை நிறுத்தினால் பின் ஆசனங்களில் இருந்து சத்தம் வந்திருக்கும். விதி ஒன்று இருந்தால் அந்த நடத்துநருக்கும் அது பாதுகாப்பாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் புகைப்பிடிப்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய சட்டம் தடுக்கிறது. அதற்கு முன்பு, பிடிக்காதவர் யன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவந்தோம். இன்று எவரும் அப்படிச் சொல்வதில்லை. மூடிய வண்டிக்குள் எழுந்து போக இடமில்லாத ஒரு சின்னப் பிள்ளைக்கு ஆறு ஏழு மணித்தியாலம் நாம் எதைக் காட்டுகிறோம் என்பதும் அதே அளவு பொறுப்போடு பார்க்க வேண்டிய விடயம். மாகாணங்களுக்கு இடையிலான பஸ் சேவைகளுக்கு அனுமதி வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும், நம் மாகாணத்துக்குள் ஓடும் சேவைகளுக்குப் பொறுப்பான கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையும் வழி அனுமதிப்பத்திர நிபந்தனைகளில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: எல்லா வயதினரும் பார்க்கத் தகுந்தது என்று சான்றிதழ் பெற்ற படங்களை மட்டுமே பஸ்களில் காட்டலாம். நமது பஸ்களில் ஓடும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவை. அவற்றுக்கு அங்கேயே வயதுச் சான்றிதழ் இருக்கிறது. 2024 முதல் அந்நாட்டுத் தணிக்கைச் சபை, பெற்றோரின் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்க வேண்டிய யு/ஏ பிரிவையும் 7+, 13+, 16+ என்று மூன்றாக்கியிருக்கிறது. ஆகவே இங்கே புதிதாகக் குழு அமைத்து ஆராய வேண்டிய தேவை இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் சான்றிதழை நடத்துநர் வாசித்தால் போதும்.

இந்த விடயத்தைப் பேசும்போதெல்லாம் என்னிடம் சொல்லப்படும் மறுமொழிகள் இரண்டு. முதலாவது, "எங்கள் அம்மம்மாமார் கொள்ளிவாய்ப் பேய்க் கதையும் முனியின் கதையும் சொல்லவில்லையா? நாங்கள் கெட்டா போய்விட்டோம்?" என்பது. அம்மம்மா கதை சொல்லும்போது பிள்ளை அவர் மடியில் கிடந்தது. கதையில் வரும் பேயை, தன்னால் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் பிள்ளையின் மனம் வரைந்துகொண்டது. பிள்ளை ஒடுங்கிப் போனதைக் கண்டால் அம்மம்மா அந்த இடத்திலேயே கதையை மாற்றிப் பேயை ஓடவைத்துவிடுவார். திரை பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மறுமொழிக்குப் பதில் சொல்வது எனக்குக் கடினமானது. "செல்லடிக்குள்ளும் பங்கருக்குள்ளும் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு படத்துக்குப் பயந்தால் இந்தப் பிள்ளைகள் எப்படி வாழ்வார்கள்?" என்று கேட்கிறார்கள். 2004 மார்கழியில் கடல் வந்ததையும், 2006 ஆவணியில் மூதூரிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்ததையும் கண்ட மாவட்டம் இது. அந்த நாட்களில் சிறுவராக இருந்தவர்களே இன்றைய இளம் பெற்றோர். அவர்களிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன்: அந்த நாட்கள் உங்களைப் பயமற்றவர்களாக்கினவா? பட்டாசுச் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு பதறுபவர்களையும், கடற்கரையில் பிள்ளைகளை ஓடவிட இன்றும் மனம் வராதவர்களையும் நான் அறிவேன். பயம் பிள்ளையை உரமாக்கும் என்பதற்கு நம் வாழ்க்கையே சாட்சியாக இல்லை. நாம் பட்டது நம்மால் தவிர்க்க முடியாதது. பிள்ளைகளுக்கு இது தவிர்க்கக்கூடியது.

கைத்தொலைபேசியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பெரிய பிள்ளைகள், அதாவது எட்டு வயதுக்கு மேற்பட்டோர், கோரமான முகத்தைவிட "இது உண்மையில் நடந்தது" என்ற சொல்லுக்கே அதிகம் பயப்படுகிறார்கள். கண்காணிப்புக் கமராவில் பதிவான பேய் என்று சொல்லி யூடியூபில் உலவும் காணொளிகள் இந்த வயதினரைத்தான் பிடிக்கின்றன. 1992 இல் பிரித்தானியாவில் பி.பி.சி. தொலைக்காட்சி, நேரடி ஒளிபரப்புப் போலவே தயாரிக்கப்பட்ட ஒரு பேய் நிகழ்ச்சியைக் காட்டியது. அதைப் பார்த்த 10 வயதுச் சிறுவர் இருவருக்கு, பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களிடம் காணப்படும் மனவடு அறிகுறிகள் தோன்றியதை 1994 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். இத்தகைய காணொளிகள் தயாரிக்கப்பட்டவை என்பதைப் பகல் வெளிச்சத்தில், எப்படி எடுக்கிறார்கள், முகத்தில் என்ன பூசுகிறார்கள் என்று விளக்கமாக இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அது பலன் தரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதே விளக்கத்தைச் சொல்லிப் பயனில்லை. "அது பொய்" என்றால், "ஓம், பொய்" என்று தலையாட்டிவிட்டு இரவில் மறுபடியும் அழும்.

அந்தச் சிறிய வயதுப் பிள்ளைக்கு வேண்டியது நம் உடம்பின் அருகாமை. பக்கத்தில் இருப்பது, முதுகைத் தடவுவது, ஒரு மிடறு தண்ணீர், சின்ன விளக்கு. நெற்றியில் திருநீறு பூசுவதோ, ஓதிய தண்ணீர் கொடுப்பதோ பிள்ளைக்கு ஆறுதல் தருமானால் அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அப்போது, "எதையோ கண்டு பயந்துவிட்டான்", "பத்தையடியில் ஏதோ பிடித்துவிட்டது" என்று பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். படத்தில் கண்டது வீட்டு வளவிலும் இருக்கிறது என்று பெரியவர்களே உறுதிசெய்தது போலாகிவிடும். மறுநாள் பகலில், கனவில் கண்டதை ஒரு தாளில் வரையச் சொல்லி, அதன் முடிவைப் பிள்ளை விரும்பியபடி மாற்றி வரையச் சொல்லலாம். கெட்ட கனவுகளுக்கு உளவள வைத்தியர்கள் கையாளும் முறைகளுள் இதுவும் ஒன்று. என் வகுப்பில் நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. நான் மேலே சொன்ன மாணவன் கண்ணாடிக்குள் நின்ற உருவத்துக்கு மூக்குக்கண்ணாடியும் பாடசாலைப் பையும் வரைந்து, அதை முதலாம் தரத்தில் சேர்த்துவிட்டான்.

படுக்கப் போகும் முன் என்ன பார்க்கிறார்கள் என்பது மட்டும் மாறினாலே நித்திரை திருந்துகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் உள்ள 565 குடும்பங்களிடையே நடந்து 2012 இல் வெளியான ஆய்வில், பார்க்கும் நேரத்தைக் குறைக்கும்படி எவரையும் கேட்கவில்லை. வன்முறையும் வயதுக்கு ஒவ்வாததுமான நிகழ்ச்சிகளை விட்டு நல்ல சிறுவர் நிகழ்ச்சிகளைப் போடும்படி ஒரு பகுதிப் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நித்திரைக் குழப்பம் குறைந்தது. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் வீடுகளில் இரவு பத்து மணிக்கும் தொலைக்காட்சியின் முன் இருக்கும் முன்பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன்.

முன்பள்ளி ஆசிரியைகளும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும் தாய்மாரைச் சந்திக்கும்போது தடுப்பூசி, நிறை, உணவு ஆகியவற்றோடு இதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன். பாடசாலைகளில் தவணைக் கடைசி நாளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி ஏதாவது படம் போட்டுவிடும் வழக்கத்தை அதிபர்கள் கவனிக்க வேண்டும். என்ன படம் என்று முன்கூட்டியே ஓர் ஆசிரியர் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். பல வாரங்களாகக் கெட்ட கனவு ஓயாமல், பிள்ளை உண்பதிலும் படிப்பதிலும் பின்வாங்கினால், கூச்சப்படாமல் வைத்தியசாலையில் வைத்தியரைக் காண வேண்டும். நேரில் போக இயலாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

பஸ் அனுமதிப்பத்திர நிபந்தனை குறித்து நான் மேலே சொன்ன வேண்டுகோளை உரிய இரு அமைப்புகளுக்கும் கடிதமாகவும் அனுப்பவுள்ளேன். இதே அனுபவமுள்ள பெற்றோர், குறிப்பாக மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் பகுதிகளிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் வைத்தியத்துக்காகப் பிள்ளைகளோடு இரவில் பயணம் செய்வோர், தங்கள் பங்குக்கும் எழுத வேண்டும். தூர இடச் சேவை பஸ் உரிமையாளர்கள் விதி வரும்வரை காத்திராமல் இந்தப் பாடசாலை விடுமுறைக் காலத்திலேயே இரவுப் பயணங்களில் பேய்ப்படங்களை நிறுத்திவைத்தால், தாய்மார் பலர் நன்றி சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.